ஆண்டை மட்டும் கேட்டால் போதுமா?

'வரலாற்றில் இன்று' வினாடி வினா தினமும் வருவது நல்ல விஷயம்தான். ஆனால் முக்கால்வாசிக் கேள்விகள் "எந்த ஆண்டு?" என்பதோடு நின்றுவிடுகின்றன. நான்கு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தட்டிவிட்டுப் போய்விடலாம், மனதில் ஒன்றும் தங்காது.

தேதியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள், அங்கேதான் சுவாரசியம். அக்டோபர் புரட்சி ஏன் நவம்பர் 7-ல் வருகிறது? 1917-ல் ரஷ்யா, இன்றைய நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கிய பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அங்கே அன்று அக்டோபர் 25. அடுத்த ஆண்டே நாட்காட்டியை மாற்றினார்கள். ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14! "1918 பிப்ரவரி 5 அன்று ரஷ்ய அரசு நாட்காட்டியில் என்ன கிழமை?" என்று ஒரு கேள்வி போட்டால் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

நிலவுப் பயணமும் அப்படித்தான். அப்பல்லோ 11-ன் இறங்குகலமான ஈகிள் நிலவில் தரைதொட்டது சர்வதேச நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 8.17. ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தது 21 அதிகாலை 2.56. அப்போது அமெரிக்காவில் இன்னும் 20-ம் தேதி. எந்தத் தேதியைச் சொன்னாலும் மதிப்பெண் போட வேண்டியதுதான்!

பிரபலங்களின் பிறந்தநாள் கேள்விகளைக் குறைத்துவிட்டு, விடையோடு இரண்டு வரி விளக்கம் சேருங்கள். தவறாகச் சொன்னவருக்கும் ஏதாவது கிடைக்கட்டும்.