அந்த ஆச்சியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிற அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை மறுபடி இங்கே போடமாட்டேன். கவுண்டரில் "ஓடிபி சொல்லுங்க" என்கிறார்கள். போனுக்கு வந்த அந்த நம்பருக்குப் பதிலாக ஆச்சி கையில் இருக்கிற ரேஷன் கார்டு நம்பரைப் படிக்கிறார். பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "இவங்களுக்கெல்லாம் எதுக்கு டிஜிட்டல் இந்தியா" என்று ஒருவர் கீழே எழுத, என் நட்புப் பட்டியலில் இருக்கிற 11 பேர் அதற்குச் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்கள். எல்லோரும் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்கள்.

அந்த ஆச்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

ஊருக்கு இணைய கேபிள் வந்ததை நான் மறுக்கவில்லை. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கேபிள் போடும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் மட்டும் 12,525 ஊராட்சிகள். நல்ல காரியம், வேண்டிய காரியம். ஆனால் கேபிள் ஊராட்சி அலுவலகம் வரைக்கும்தான் வரும். அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும்.

அதற்கும் திட்டம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. கிராமங்களுக்கான டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 2017-ல் வந்தது. வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி. 2024 மார்ச்சில் முடிந்தபோது 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி கொடுத்ததாகக் கணக்கு. வயது வரம்பு 14 முதல் 60 வரை. என் அம்மா பயிற்சிக்குப் போனபோது அவருக்கு 61. ஆதாரைப் பார்த்துவிட்டு, "வீட்ல வேற யாரையாவது அனுப்புங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அலமாரியில் ஒரு புது நோட்டு கிடந்தது. முதல் பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருந்தார்.

நான் அரசுக்கு எதிரி என்று யாரும் கிளம்பி வரவேண்டாம். அரசே ஒரு காலத்தில் செய்து காட்டியதைத்தான் கேட்கிறேன். எங்கள் ஊர் திருமயம் பக்கம். (செட்டிநாடு என்றால் காரைக்குடி மட்டும் இல்லை, புதுக்கோட்டை மாவட்டத்திலும் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன.) 1991-ல் எங்கள் மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். குவாரியில் கல் உடைத்த பெண்கள் எழுத்தும் படித்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். என் அப்பத்தாவுக்கு அப்போது 58 வயது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, இருட்டின பிறகு எங்கள் திண்ணையில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தது பக்கத்துத் தெரு அக்கா. பிளஸ் டூ முடித்திருந்தார், சம்பளம் கிடையாது. அப்பத்தா 'ட'வையும் 'ப'வையும் மாற்றி மாற்றிச் சொல்லும். அக்கா கையைப் பிடித்து மறுபடி எழுத வைப்பார். பொன்னமராவதி பஸ் போர்டை முதல்முறை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. வீட்டுக்கு நடந்தே வந்து, "முழுசாப் படிச்சிட்டேன்டா" என்று சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. ஓடிபிக்கு அப்படி ஒரு அக்கா எங்கள் தெருவுக்கு வரவே இல்லை.

"ரீல்ஸ் பார்க்கத் தெரியுது, ஓடிபி தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ரீல்ஸுக்கு விரலால் தள்ளினால் போதும். ஓடிபி ஆங்கிலத்தில் வரும், சில நிமிடத்தில் காலாவதி ஆகும். அதுவும் பதிவு செய்து வைத்த நம்பருக்குத்தான் வரும். பல ஆச்சிகளுக்கு அந்த நம்பர் சிங்கப்பூரில் இருக்கிற மகனுடையது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளும் எங்கள் பக்கத்து வீடுகளில் அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டி சிக்னலும் வராது. தனியாக இருக்கிற ஆச்சி போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரவேண்டும்.

வீடு வீடாக ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்பது நியாயம்தான். கேரளத்தில் அனுப்பினார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில், 100 நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அதுதான் மாநிலம் முழுக்கப் போனது. 90 வயதைத் தாண்டியவர்களும் படித்தார்கள்.

"பேரன் பார்த்துக்குவான்" என்பதற்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. பேரன் எங்கே இருக்கிறான்? மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, அதற்கு ஒரு பின் நம்பர். அதைத் துண்டுச்சீட்டில் எழுதி, போன் உறைக்குள் மடித்து வைத்து, முன்பின் தெரியாதவரிடம் போனோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். "நீயே பார்த்துப் போடுப்பா" என்கிறார்கள். என் அம்மாவும் கொடுத்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க யாரிடமும் சாவிக்கொத்தைக் கொடுக்காதவர், அந்தச் சீட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா அப்படி நின்றால் நீங்கள் வீடியோ எடுப்பீர்களா?

அந்த 11 பேரையும் நான் நீக்கவில்லை. இதைப் படிக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். வீடியோ எடுத்த தம்பி, தயவுசெய்து அதை அழித்துவிடு. அந்த ஆச்சி எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நேற்று அம்மா போய்ப் பார்த்தார். வாசலுக்கு வந்து பேசிவிட்டு, போனை மட்டும் அம்மா கையில் கொடுத்து, "இத நீயே வச்சுக்க, எனக்கு வேணாம்" என்றாராம்.