பக்கத்து ஊரு கிறிஸ்துமஸ் மார்க்கெட்னா அவ்வளவு இளக்காரமா?

எழுத வேண்டாம்னுதான் ரெண்டு நாளா இருந்தேன். நம்ம ஜெர்மனித் தமிழ் குரூப்ல, நாங்க குடியிருக்குற ஊரு கிறிஸ்துமஸ் மார்க்கெட் போட்டோவ நான் போட்டதுக்குக் கீழ நடந்தத நிறைய பேரு பாத்திருப்பீங்க, பாக்காதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிர்றேன். "இதுக்குப் பேரு கிறிஸ்துமஸ் மார்க்கெட்டா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நாலு டீக்கடை போட்ட மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தர் போட, அதுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற பொம்மை, அப்புறம் "பட்ஜெட் ட்ரிப் போல", அப்புறம் "கோல்மார் போங்க பாஸ், ஸ்ட்ராஸ்பர்க் போங்க, ஜெர்மனி வந்து இத்தன வருஷமாச்சு இன்னுமா எஸ்-பான்ல சுத்திட்டு இருக்கீங்க"ன்னு எல்லை தாண்டி பிரான்ஸ்ல இருக்குற ஊருங்களக் காட்டி அறிவுரை. சிரிச்சவங்கள்ல ரெண்டு பேரு போன பொங்கலுக்கு எங்க வீட்டுல உக்காந்து சாப்பிட்டவங்க. அதுதான் சுருக்னு குத்துச்சு, மத்ததெல்லாம் கூட போயிரும்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்துல இருக்குற மார்க்கெட்டுக்கு மத்தியானம் கெளம்பிப் போயிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துர்றது, பெரிய ட்ரிப் போக முடியாதவன் தேடிக்கிற ஆறுதல் இல்ல. அதுவே முழு ட்ரிப்தான்.

ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்குறவங்களுக்குத் தெரியும், நமக்கு இங்க வாய்ச்சிருக்குறது எவ்வளவு பெரிய கொடுப்பினைன்னு. கடை கூரை மேல பொம்மையும் மாலையுமா ஜோடிச்சு வச்சிருக்குற ஸ்டுட்கார்ட் மார்க்கெட், 1692லயே அதப் பத்தி எழுதி வச்ச பதிவு இருக்கு. எஸ்-பான்ல, அதாவது உள்ளூர் ரயில்ல, கால் மணிநேரம் இந்தப் பக்கம் போனா எஸ்லிங்கன், கால் மணிநேரம் அந்தப் பக்கம் போனா லுட்விக்ஸ்பர்க், அங்க ரெண்டு சர்ச்சுக்கு நடுவுல இருக்குற சதுக்கத்துல றெக்க விரிச்சு லைட்டுலயே நிக்கிற தேவதைங்க. கொஞ்சம் தள்ளிப் போனா உல்ம். உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கெல்லாம் செல்லுற டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒரு மாசப் பாஸ், ஆபீஸ் போறதுக்கு எப்படியும் வச்சிருப்பீங்க, அதே டிக்கெட்ல இதெல்லாம் போயிட்டு வந்துரலாம், ஐசிஇ மாதிரி எக்ஸ்பிரஸ் ரயில்ல மட்டும் ஏறாம இருந்தா சரி. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிருது, அதனால மூணு மணிக்குப் போய் நின்னா வெளிச்சத்துல கடையும் பாக்கலாம், அப்படியே விளக்கு எரிய ஆரம்பிக்கறதையும் பாக்கலாம், ஆறு மணிக்கு ஆபீஸ் கூட்டம் வர்றதுக்குள்ள கெளம்பிரலாம். இத வேற யார்கிட்டயும் கேட்டுச் சொல்லல, ஒன்பது வருஷமா போயிட்டு வந்து சொல்றேன்.

"எல்லா ஊர்லயும் ஒரே கடைதானே, அதே பாதாம், அதே தொப்பி, அதே மெழுகுவத்தி"ன்னு கேப்பீங்க. சரிதான், ஒத்துக்கறேன். பாதி கடைல அதே சாமான்தான், எந்த தேசத்துலேந்து கன்டெய்னர்ல வருதோ. ஆனா அது கோல்மார்லயும் அப்படித்தானே இருக்கு? அங்க மட்டும் தொப்பிய உங்க கண்ணு முன்னாடி பின்னித் தர்றாங்களா?

"குடி நாத்தம், குழந்தைங்களோட எப்படிப் போறது"ன்னு இன்னொருத்தர். கிண்டர்புன்ஷ் வாங்கிக் குடுங்க, பழச்சாறுல பட்டையும் கிராம்பும் போட்டுச் சுட வச்சது. அவ்வளவுதான் அதுக்குப் பதில்.

"நம்ம பண்டிகையே இல்ல, நமக்கென்ன"ன்னு சொன்னவருக்குப் பதில் சொல்லவே கஷ்டமா இருக்கு. நான் பாளையங்கோட்டைக்காரன். டிசம்பர் பொறந்தா எங்க தெருவுல மூங்கிலச் சீவி, கலர்க் கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ள பல்பு போட்ட ஸ்டார் தொங்காத வீட்ட எண்ணிரலாம், அதுல எங்க வீடும் ஒண்ணு, பக்கத்து வீட்டு ஸ்டார் எங்க பூஜை ரூம் ஜன்னலுக்கு நேரா தொங்கும். கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுலேந்து பிரியாணி தூக்குச் சட்டில வரும், தீபாவளிக்கு எங்க அம்மா அதே தூக்குல முறுக்கு போட்டுத் திருப்பி அனுப்புவா. யாரு பண்டிகைன்னு அன்னைக்கு யாரும் கேக்கல.

இப்ப அந்த போட்டோக்கு வர்றேன். அது இங்க நாங்க குடியிருக்குற சின்ன ஊரு மார்க்கெட். வருஷத்துல ஒரே ஒரு சனிக்கிழமை நடக்கும், சர்ச் முன்னாடி, மொத்தம் பதினெட்டு பலகைக் கடை. வியாபாரின்னு யாரும் கெடையாது. தீயணைப்புத் தொண்டர்கள் சாசேஜ் சுடுவாங்க, பாட்டுக் குழுக்காரங்க சூப்பு ஊத்துவாங்க, என் மக படிக்கிற வகுப்போட அப்பா அம்மாங்க நாங்க வாஃபிள் சுட்டோம். விடியக்காலைல ரெண்டு பக்கெட் மாவு கரைச்சது என் பொண்டாட்டி. அந்தக் காசுலதான் புள்ளைங்க வசந்த காலத்துல டூர் போகும். நீங்க சிரிச்ச டீக்கடை அதுதான். அந்த வரிசைல மூணாவது கடைல ஏப்ரன் கட்டிட்டு நிக்கிறது நான்தான், உத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் மார்க்கெட், ஷ்ட்ரீட்ஸல்மார்க்ட்னு இன்னைக்கு உலகமே கெளம்பிப் போகுதே, அது 1434ல எப்படி ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா? கிறிஸ்துமஸுக்கு முன்னாடி, ஒரே ஒரு நாள், விரதம் முடிச்சு ஊர்க்காரங்க விருந்துக்குக் கறி வாங்குறதுக்காக நடந்த சந்தை. ஒரு நாள் சந்தைதாங்க. உள்ளூர்க்காரன் கூடையத் தூக்கிட்டு நடந்து போன சந்தை. அப்ப எங்க ஊர்ல நடக்குறது எந்த விதத்துல கொறைஞ்சு போச்சு?

இன்னொன்னும் சொல்லணும். 2024 டிசம்பர் 20ஆம் தேதி மாக்டபர்க்ல கிறிஸ்துமஸ் மார்க்கெட் கூட்டத்துல ஒருத்தன் காரை ஏத்துன கொடுமைக்கப்புறம், பாதுகாப்புக்கு ஆகுற செலவு ஏறிப்போய், சில சின்ன ஊர்ல 2025ல மார்க்கெட்டையே நிறுத்திட்டாங்க. பெரிய ஊரு எப்படியாவது சமாளிச்சிரும். சின்ன ஊர்ல நடத்துறவங்க ராத்திரி உக்காந்து கணக்கு பாத்துத்தான் அடுத்த வருஷம் உண்டா இல்லையான்னு முடிவு பண்றாங்க. நாம போய் ஒரு வாஃபிள், ஒரு சூப்பு வாங்கினா அந்தக் கணக்குல அது விழும். இது "பட்ஜெட் ட்ரிப்"ங்கிற வார்த்தைக்குள்ள அடங்குற விஷயமா?

காசு விஷயத்துக்கு வரேன், அங்கதான் எல்லாரும் குத்துறீங்க. ஆமா, கணக்கு பாத்துத்தான் செலவு பண்றேன். ஒரு சம்பளம், ஊர்ல வீட்டுக்கடன், தங்கச்சி பையன் காலேஜ் ஃபீஸ். இதுல வெக்கப்பட எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா காசில்லாததாலதான் எஸ்லிங்கன் போறேன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. கோடி ரூவா குடுத்தாலும் நான் எஸ்லிங்கன் போவேன், ஏன்னு சொல்றேன், இத இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

2018 டிசம்பர்ல அம்மா வந்திருந்தா. மொத தடவ, கடைசித் தடவயும் அதுதான். அப்ப நானும் உங்கள மாதிரித்தான் இருந்தேன், ஒத்துக்கறேன். அம்மாவுக்குக் காட்டணும்னா ஸ்ட்ராஸ்பர்க்தான்னு பிளான், 1570லேந்து நடக்குற மார்க்கெட், வேற நாடு, சொல்லிக்கிறதுக்கு நல்லாருக்கும். எஸ்லிங்கன் வேண்டாமான்னு பொண்டாட்டி கேட்டப்போ "அது பக்கத்துலதானே, எப்ப வேணா போலாம்"னேன். டிசம்பர் 11ஆம் தேதி ராத்திரி ஸ்ட்ராஸ்பர்க் மார்க்கெட்ல துப்பாக்கிச் சூடு, அஞ்சு பேரு செத்துப்போனாங்க. அந்த வாரக் கடைசிலதான் நாங்க போறதா இருந்தது. அம்மாவ கூட்டிட்டுப் போக மனசு வரல. அதனாலதான் எஸ்லிங்கன் போனோம். வேற வழியில்லாமத்தான் போனோம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. நூறு அடி நடந்தா உக்காரணும். சேலைக்கு மேல ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல என் கோட்டு, காலுல ஷூ, தலைல மகளோட குல்லா. ஸ்டேஷன்லேந்து மெல்ல நடத்திக் கூட்டிட்டுப் போறோம், ஃப்ராவன்கிர்ஷ சர்ச் கோபுரம் கண்ணுல பட்டதும் நின்னுட்டா. "எய்யா, இது நம்ம ஊசிக்கோபுரம் மாரில்லா இருக்கு"ன்னா. முருகன்குறிச்சில 1826ல கட்டுன அந்த ஊசிக்கோபுரம் சர்ச்சக் கட்டுன பாதிரியார் ரேனியஸ் ஐயரும் இந்த ஜெர்மன் பேசுற நாட்டுலேந்து வந்தவர்தான்மான்னு சொன்னேன். "அப்பம் நம்ம ஊருக்கு வந்த ஆளு ஊருக்குத்தான் நம்ம வந்திருக்கோம்"னு சொல்லிட்டு அப்புறம் அவளுக்கு அந்த ஊரு அந்நியமாவே தெரியல.

எஸ்லிங்கன்ல பழங்காலச் சந்தைன்னு ஒரு பக்கம் இருக்கு, கடைக்காரங்க எல்லாம் அந்தக் காலத்து உடுப்புல நிப்பாங்க, ஒருத்தர் இரும்படிப்பார், கையால சுத்துற மர ராட்டினம் ஒண்ணு இருக்கும். அதப் பாத்ததும் பாளையங்கோட்டை தசராதான் அவளுக்கு. ராட்டினம் சுத்துற ஆள்கிட்ட போய்த் தமிழ்லயே "மெல்லச் சுத்துங்கய்யா, பிள்ள பயப்படும்"னா. அந்த மனுஷன் என்ன புரிஞ்சிக்கிட்டாரோ தெரியல, தலையாட்டிட்டு மெல்லத்தான் சுத்துனார். ஷுப்ஃப்நூடல் வாங்கினோம், பன்னிக்கறி போடாம "ஓனே ஷ்பெக்"னு ரெண்டு தடவ கேட்டு வாங்குறது, உருளைக்கிழங்கு மாவ விரல் கனத்துக்கு உருட்டி, புளிச்ச முட்டைக்கோஸோட வறுத்துத் தருவாங்க. "பிடிகொழுக்கட்டைய எண்ணெய்ல பெரட்டுன மாரி இருக்கு"ன்னு முழுசும் சாப்பிட்டா. வெளில எங்கயும் வாய் வைக்காதவ.

கிண்டர்புன்ஷ் ஒரு பழுப்புக் கலர் மண்குவளைல குடுத்தாங்க. குவளைக்கு 3 யூரோ ஃபாண்ட், திருப்பிக் குடுத்தா காசு வந்துரும். நான் கை நீட்டுறேன், அம்மா தரல. "துட்டு குடுத்துத்தானய்யா வாங்குன, பெறவென்ன?"ன்னு கர்ச்சீப்ல தொடச்சு, முந்தானைல சுத்தி, கைப்பைல வச்சிட்டா. அது ஊருக்குப் போச்சு. அடுப்படி அலமாரில ஏலக்கா போட்டு வச்சிருந்தா.

இவ்வளவு சொன்னதுக்கப்புறம் இதையும் சொல்லிர்றேன். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்கள் இருக்கே, மெட்ராஸ்லேந்தும் பெங்களூர்லேந்தும் வந்து பாத்துட்டுப் போவாங்க. எங்க வீட்டுலேந்து அரைமணிநேரம் பஸ். நான் காலேஜ் படிச்ச காலத்துலேந்தே அம்மா கேட்டா, ஒரு தடவ கூட்டிட்டுப் போய்யான்னு. "பக்கத்துலதானம்மா, எப்ப வேணா போலாம்"னேன். லீவுக்குப் போன ஒவ்வொரு தடவையும் கேட்டா, ஒவ்வொரு தடவையும் நான் குற்றாலம், கொடைக்கானல்னு காரை எடுத்துட்டுப் போனேன். 2021 மே மாசம் அம்மா போயிட்டா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. கிருஷ்ணாபுரத்துக்கு அப்புறம் நான் மட்டும்தான் போனேன்.

அலமாரிலேந்து அந்தக் குவளைய எடுத்துட்டு வந்தேன். இப்பவும் மோந்து பாத்தா ஏலக்கா வாசம் லேசா இருக்குன்னு நான் சொல்வேன், பொண்டாட்டி இல்லங்கிறா.

எங்க ஊரு மார்க்கெட் நோட்டீஸ்ல "கோப்பைய வீட்டுலேந்து கொண்டு வாங்க"ன்னே போட்டிருப்பாங்க. கழுவுறதுக்கு ஆள் கெடையாது, வாடகைக்கு எடுக்கக் காசு கெடையாது, எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் கோப்பையோடதான் வருவாங்க. நான் அம்மாவோட குவளைய எடுத்துட்டுப் போனேன். பாட்டுக் குழுல இருக்குற பாட்டியம்மா ஒருத்தங்க அதுல புன்ஷ் ஊத்திட்டு, நல்ல குவளைன்னு தடவிப் பாத்துத் திருப்பிக் குடுத்தாங்க. மார்க்கெட் போட்டோவோட அந்தக் குவளையயும் போட்டோ எடுத்துப் போட்டேன். அதுக்குக் கீழதான் நீங்க "சொந்தக் கப்பு கொண்டு போயிருக்காரு பாருங்க, ஃபாண்ட் குடுக்கக்கூட மனசில்ல"ன்னு எழுதினீங்க, நாப்பத்திமூணு பேரு சிரிச்சீங்க.

நீங்க தெரியாம எழுதினீங்கன்னு எனக்கும் புரியுது. தெரியாத ஒண்ணப் பாத்து ஏன் சிரிச்சீங்கன்னுதான் கேக்கறேன். மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம், அந்தக் கமெண்ட்ட எடுத்துருங்க, போதும்.

அடுத்த சனிக்கிழமை எஸ்லிங்கன் போறோம், மூணு மணிக்கு ஸ்டேஷன் வாசல்ல இருப்போம். கிறிஸ்துமஸ் லீவுல போய்க்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, 24ஆம் தேதி போனா பலகைய பிரிச்சு லாரில ஏத்திட்டு இருப்பாங்க, நிறைய ஊர்ல அதுக்கு முந்தியே மூடிர்றாங்க. வர்றவங்க வாங்க, பொங்கலுக்கு வந்த அந்த ரெண்டு பேரும் வரலாம். அம்மா உக்காந்த பெஞ்சு சர்ச்சுக்குக் கீழ இன்னும் இருக்கு, நாங்க ஷுப்ஃப்நூடல் வாங்கிட்டு அங்கதான் உக்காருவோம்.