ஆறு இலக்கங்களுக்காக அம்மாவை எழுப்புகிறேன்

இணையத்தில் வேலை செய்துகொண்டு ஏழு மாதமாக நாடு நாடாகத் திரிகிறேன். என் உழைப்பின் பணம் என் கணக்கில்தான் கிடக்கிறது. அதைச் செலவழிக்க மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் அம்மா விழித்திருக்க வேண்டும். இணையத்தில் அட்டையால் பணம் செலுத்தும்போது வங்கி ஆறு இலக்க இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பும்; வியட்நாமில் ரோமிங் போட்டும் அது வந்து சேரவில்லை. அதனால் அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சிம் அட்டையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

நான் இருக்கும் நாட்டில் விடிகாலை 5 மணி என்றால் கல்லடியில் 3.30. பஸ் டிக்கெட் வாங்க அந்த எண்ணைக் கேட்டு அழைத்தேன். அம்மா கண்ணாடியைத் தேடி, “இது மூன்றா எட்டா மகன்?” என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று தடவை! பிறகு வங்கிக்காரர்கள் என் வங்கி அட்டையையே முடக்கிவிட்டார்கள். திறக்க வேண்டுமானால் கிளைக்கு நேரில் வரவேண்டுமாம். எங்கிருந்து வருவது?

அட்டை முடங்கும் முன்பும் தொல்லைதான். வெளிநாட்டில் பணம் எடுக்கும் இயந்திரம் ‘இலங்கை ரூபாயில் கணக்கிடவா?’ என்று கேட்கும். ஆம் என்றால் இயந்திரக்காரர்கள் வைத்த மாற்றுவிகிதம்; பெரும்பாலும் நமக்கு நட்டம். போன நாட்டின் நாணயத்தையே தெரிவு செய்யுங்கள் என்று அட்டை தந்த வங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை தடவை ஆம் என்று அழுத்தியிருக்கிறேன்!

அம்மா இப்போதும் அந்தப் போனைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறார்.