ஃபீஸ் பாக்கின்னா டிசி கிடையாதா?

"ஃபீஸ் பாக்கி இருந்தா டிசி தர வேண்டியதில்ல, டிசி இல்லாம எந்த ஸ்கூல்லயும் சேர்க்க முடியாது, சட்டமே அப்படித்தான்"னு ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்ல சுத்துது. ரெண்டுமே தப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவுல, அரசு இல்லன்னா அரசு உதவி பெறும் ஸ்கூலுக்கு மாறுற பிள்ளைக்கு உடனே டிசி குடுக்கணும், இழுத்தடிக்கிற ஹெச்எம் மேல ஒழுங்கு நடவடிக்கை வரும், டிசி வரலைன்னு புது ஸ்கூல் அட்மிஷனை நிறுத்தவும் கூடாதுன்னு தெளிவாவே இருக்கு (இது 8ஆம் வகுப்பு வரைக்கும்தான், ப்ளஸ் டூக்கு இதைக் காட்டி சண்டை போடாதீங்க). 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சொல்லிடுச்சு, டிசி ஒண்ணும் பாக்கி வசூல் பண்ற கருவி இல்ல, அதுல "கட்டணம் பாக்கி"ன்னு எழுதவும் கூடாதுன்னு. அதுக்காக பாக்கி தள்ளுபடி ஆயிடாது, அதை ஸ்கூல் தனியா சட்டப்படி கேட்டுக்கலாம்.