பீரோவுக்குப் பின்னால் ஒரு வைஃபை

மாடியில் வைஃபை எடுக்கவில்லை என்று ஒரு ஆக்சஸ் பாயின்ட் வாங்கினோம்; கீழே இருக்கும் ரூட்டரிலிருந்து கேபிள் வழியாக இணைப்பை வாங்கி, மேலே வைஃபையாகப் பரப்பும் பெட்டி அது. பொருத்த வந்தவர் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினார். எங்கே வைத்தார் தெரியுமா? இரும்பு பீரோவுக்குப் பின்னால். பிளக் பாயின்ட் அங்கேதான் இருக்கிறதாம். ரேடியோ அலை இரும்புத் தகட்டைத் தாண்டிப் போகாது என்பது இந்த வேலைக்கு வருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி என்று கழற்றி, நானே கூடத்துச் சீலிங்கில் மாட்டினேன். சிக்னல் முழுசாகக் காட்டியது, ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று இரவு தூக்கம் போனது. பார்த்தால், கீழே ரூட்டரும் மேலே இதுவும் ஒரே 6ஆம் சானலில், அதாவது ஒரே அலைவரிசையில். பக்கத்து வீடுகளிலும் அதே 6. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வழக்கமாக எடுப்பது 1, 6, 11 சானல்களைத்தான். 11க்கு மாற்றிய பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. ரூட்டரிலிருந்து வரும் கேபிளின் முனையைப் பிரித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பியில் ஒன்று சரியாக உட்காரவே இல்லை! ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். பொருத்த வந்தவர் முனையை கிரிம்ப் செய்ததும் (கம்பிகளை அழுத்திப் பொருத்தியதும்) ஒரு சின்ன கேபிள் டெஸ்டரில் சொருகிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த அரை நிமிடத்தைக்கூட ஒதுக்காமல் முழுக் கூலியும் வாங்கிக்கொண்டு போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது போனோடு மல்லுக்கட்டு. மாடி ஏறிய பிறகும் கீழ் ரூட்டரையே பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. தினமும் வைஃபையை அணைத்துப் போடுகிறேன்.