உள்ளே போனவர்கள்

சீனாவின் சிறுபான்மை உய்குர் இனச் செய்தியாளர் குல்செஹ்ரா ஹோஜா பற்றிய கட்டுரையில் விருதுகளுக்கு இரண்டு பத்தி கொடுத்தீர்கள், சரி. உய்குர் மக்கள் வாழும் சின்ஜியாங் பகுதித் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தியவர், 2001-இல் வெளியேறி வாஷிங்டனில் அமெரிக்க அரசு நிதியில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏஷியா வானொலியில் சேர்ந்தார். ஆனால் 2018 தொடக்கத்தில் அவருடைய உறவினர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் சீன அதிகாரிகளிடம் பிடிபட்டதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே? மைக் முன்னால் பேசியது இவர், உள்ளே போனது சொந்தபந்தம்.

இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அந்தக் காலத்தில், விடியக்காலை பால்மரம் வெட்டப் போக வேண்டிய அப்பா, நடுராத்திரி நெருங்கியும் தூங்காமல் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்பார். இலங்கைச் செய்தி வந்தால் நாங்கள் இருமக்கூடாது. தோட்டத் தொழிலாளர் லயத்துச் சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்கும் அதே வானொலிதான்! “லண்டனிலே பேசுற பிள்ளையோட ஆத்தா அப்பன் அங்கே எப்படி இருக்காங்களோ” என்று பாட்டி முணுமுணுப்பார். “சும்மா இரும்மா, செய்தி ஓடுது” என்பார் அப்பா.