புயல் முனை என்ற பெயரே பொருத்தம்

நன்னம்பிக்கை முனைதான் ஆப்பிரிக்காவின் தென்கோடி என்று நம்பி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். உண்மையான தென்கோடியான அகுல்லாஸ் முனை, அங்கிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கிறது. இந்தப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; எனக்கு உறுத்தலாக இருப்பது அந்தப் பெயர்தான்.

1488இன் தொடக்கத்தில் போர்த்துக்கீசிய மாலுமி பார்த்தலோமேயு டயஸ் இம்முனையைக் கண்ணால் காணாமலேயே கடந்துவிட்டார். கரையை விட்டு வெகுதூரம் தெற்கே போய், பின்னர் கிழக்கே திரும்பியும் நிலம் தென்படாமல், வடக்கு நோக்கிச் செலுத்தியபோதுதான் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்துவிட்டது அவருக்குப் புலப்பட்டது. நாடு திரும்பும் வழியில் பாறை முனையைக் கண்டு ‘புயல் முனை’ என்று அவர் பெயரிட்டதாகவும், இந்தியாவுக்குக் கடல்வழி திறக்கப்போகும் மகிழ்ச்சியில் போர்த்துக்கீசிய மன்னர் இரண்டாம் ஜான் அதை ‘நன்னம்பிக்கை முனை’ என்று மாற்றியதாகவும் ஒரு வரலாறு சொல்கிறது. இந்த நல்ல பெயரையும் டயஸே வைத்தார் என்பாரும் உண்டு. எப்படியாயினும், 1500இல் இந்தியா நோக்கிப் புறப்பட்ட போர்த்துக்கீசியத் தளபதி கப்ராலின் கப்பல் அணியில் சென்ற டயஸ், இம்முனையை நெருங்கிய கடற்பகுதியில் புயலில் சிக்கி மாண்டார். அவருக்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் கால்நடை மேய்த்த கொய்கொய் மக்கள் அதை எப்படி அழைத்தார்கள் என்று நம் பாடநூல்கள் கேட்டதே இல்லை.

அந்த இடத்தின் இயல்பைக் கலங்கரை விளக்கத்தின் கதையே நன்கு விளக்கும். அருகிலுள்ள கேப் பாயின்ட் குன்றின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில், 1860இல் விளக்கு ஏற்றினார்கள். உயரம் கூடினால் வெளிச்சம் தொலைவு எட்டும் என்பது கணக்கு; ஆனால் மேகமும் மூடுபனியும் அந்த உச்சியைத்தான் முதலில் மறைக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. (மேசையில் அமர்ந்து போட்ட திட்டங்களுக்கு இது புதிதல்ல.) 1911இல் லுசித்தானியா என்ற போர்த்துக்கீசியப் பயணிகள் கப்பல் பெல்லோஸ் பாறையில் மோதிச் சிதைந்த பிறகே, வெறும் 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கைக் கட்டத் தொடங்கி, 1919இல் ஏற்றினார்கள்.

காற்று ஓயாமல் அறையும் அந்த மணற்கல் பாறைகளின் மீது நெடுமரங்கள் அரிது. ‘ஃபைன்போஸ்’ எனப்படும், மெல்லிய, விறைத்த இலைகள் கொண்ட புதர்களே வளமற்ற மண்ணில் வேரூன்றி நிற்கின்றன. அவற்றுள் பல, காட்டுத்தீ பரவிய பின்புதான் விதை முளைத்துத் தழைப்பவை.